வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகிறவர்களுக்கு: காகிதம், காசு, தேதி

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் எங்கள் வீட்டில் 'செமஸ்டர்' என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அப்பா எட்டாவது, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவார். அம்மா மூன்றாவது வரைக்கும் போனவர், பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டங்களில் கூலி. மார்க் நன்றாகத்தான் வாங்கியிருந்தேன். ஆனால் முதல் கவுன்சிலிங்கில் கைக்கு வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் போய்விட்டது, ஏனென்றால் என் ஜாதிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல். மாற்றி வாங்கிக்கொண்டு வா என்றார்கள், மாற்றி வாங்க 11 நாள் ஆனது, அதற்குள் அந்தப் பாடம் நிரம்பிவிட்டது. இரண்டாம் சுற்றில் வரலாறு கிடைத்தது, படித்து முடித்தேன், வரலாற்றின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபம் எல்லாம் அந்த இனிஷியலின் மேல்தான்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்குக் கூடவே போய் அட்மிஷன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜினியரிங், பாலிடெக்னிக் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. ரிசல்ட் வருவதற்கு முன்பே பெயரைச் சரிபாருங்கள்

பரீட்சை மார்ச் கடைசியில் முடிந்துவிடும், ரிசல்ட் மே முதல் பத்து நாளுக்குள் வந்துவிடும். நடுவில் இருக்கும் ஏப்ரல் மாதம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வான மாதம். எல்லோரும் அதை மாங்காய்த் தோப்பில் வேலைக்குப் போயோ பெங்களூரில் மாமா வீட்டில் இருந்தோ கழித்துவிட்டு, ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மைய வாசலில் வரிசையில் நிற்பார்கள். அதோடு மே, ஜூனில்தான் தாலுகா ஆபீஸ்களில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும், வி.ஏ.ஓ.வில் இருந்து தாசில்தார் வரை எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு அங்கே இருப்பார்கள், உங்கள் சான்றிதழ் கம்ப்யூட்டரில் அப்படியே தூங்கும். ஏப்ரலில் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும் காகிதம் ஜூனில் மூன்று வாரம் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை இது. ஆதார், பத்தாவது மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், நான்கையும் தரையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முனுசாமி, முனியசாமி ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடியிருக்கும். பத்தாவது மார்க் ஷீட்டைத்தான் எல்லா இடத்திலும் மூலமாக எடுப்பார்கள், அதனால் மற்ற மூன்றையும் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள், மார்க் ஷீட்டை மாற்றப் போகாதீர்கள், அது பெரிய வேலை.

இரண்டாவது, ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஆதார்களில் எல்லாம் அப்பா நம்பர். அவர் பெங்களூரில் நான்காவது மாடியில் ஸ்லாப் போட்டுக்கொண்டிருப்பார், ஓடிபி அவர் போனுக்குப் போகும், பத்து நிமிஷத்தில் அது செத்துப்போகும், மறுபடியும் முதலில் இருந்து. கையில் இருக்கும் நம்பரை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ செய்யலாம், சின்னக் கட்டணம்தான்.

2. எடுக்க வேண்டிய சான்றிதழ்கள்

வருவாய்த் துறைச் சான்றிதழ் எதற்கும் முதலில் கேன் நம்பர் (உங்கள் விவரங்களைப் பதிந்து கொடுக்கும் அடையாள எண்) ஒன்று போடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவையில் ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். தாலுகா ஆபீஸில் இருக்கும் மையத்திலும் கூட்டுறவு சங்கத்தில் இருக்கும் மையத்திலும் அதுதான் வாங்குவார்கள், ரசீதும் தருவார்கள். தனியார் சென்டரில் 150, 200 என்று கேட்பது உண்டு. அவசரம் என்றால் கொடுக்கத்தான் போகிறீர்கள், ஆனால் ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள், அந்த எண் இருந்தால்தான் விண்ணப்பம் யார் மேசையில் நிற்கிறது என்று பார்க்க முடியும்.

ஜாதிச் சான்றிதழ்: ஒரு தடவை எடுத்தால் போதும், காலாவதி ஆகாது. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் கியூஆர் கோடு உள்ள புதியதாக எடுத்துவிடுங்கள், அட்டையைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். பி.சி., எம்.பி.சி.க்கு துணைத் தாசில்தார் மட்டத்திலும், எஸ்.சி.க்கு தாசில்தார் மட்டத்திலும் முடிந்துவிடும். எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர்தான் கொடுப்பார், நேரில் விசாரணை இருக்கும், மாதக் கணக்கில் போகும். சித்தேரி மலையில் இருந்தோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர் குடும்பங்களில் இருந்தோ வருகிறவர்கள் இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ முன்பே சான்றிதழ் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் இணையுங்கள்.

வருமானச் சான்றிதழ்: இது ஒரு வருஷம்தான் செல்லும். பெரும்பாலான உதவித்தொகைக்கும் விடுதிக்கும் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு, அப்பா மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று சென்டரில் கேட்டிருக்கிறார்கள், அவன் கௌரவமாக இருக்கட்டும் என்று 25,000 என்று சொல்லிவிட்டான். வருஷத்துக்கு 3 லட்சம் என்று அடித்து வந்துவிட்டது. கட்டட வேலைக்கு மழை நாளில் கூலி கிடையாது, திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் கூலி கிடையாது, அதையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால் அவர்கள் வீட்டு வருமானம் அதில் பாதிகூட வராது. நல்ல நாளின் கூலியை முப்பதால் பெருக்கிச் சொல்லாதீர்கள், உண்மையான வருஷக் கணக்கைச் சொல்லுங்கள்.

இருப்பிடச் சான்றிதழ்: எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இது கேட்பதில்லை. நடுவில் கர்நாடகத்தில் படித்தவர்கள் எதற்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் பட்டதாரி சான்றிதழ் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

இதைப் பற்றி நம் பக்கத்தில் இருக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. குடும்பத்தில் நீங்கள்தான் முதலில் டிகிரி படிக்கப் போகிறீர்கள் என்று அரசாங்கம் கொடுக்கும் காகிதம் இது. இன்ஜினியரிங், மருத்துவம், வேளாண்மை மாதிரியான தொழிற்படிப்புகளில் அரசு ஒற்றைச் சாளர கவுன்சிலிங் வழியாகச் சேரும்போதுதான் இதன் பலன், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு இதை நீட்டினால் ஒரு பைசா கிடைக்காது. "முதல் பட்டதாரின்னா ஃபீஸே கிடையாது, இப்ப அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க" என்று வீட்டுக்கே வந்து பேசும் புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கர்நாடகத்தில் நர்சிங் சேர்த்துவிடுகிறேன் என்கிறவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் இந்தச் சான்றிதழுக்கு வேலை இல்லை.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. சேர இது அவசியம் இல்லை, அங்கே இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. நான் பதினைந்து நாள் அலைந்து இதை எடுத்துக்கொண்டு போனேன், வாங்கிப் பார்த்தவர் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கிறது.

தொழிற்படிப்புக்குப் போகிறவர்கள் எடுத்தே ஆக வேண்டும். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரைக்கும் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் எழுதி, பெற்றோரும் மாணவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியோடு இணைக்க வேண்டும். படித்தவர்களுக்குப் பள்ளி டி.சி. கேட்பார்கள். அப்பாவின் எட்டாம் வகுப்பு டி.சி. எங்கே இருக்கும்? எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்குப் பின்னால், கரையான் அரித்து, பாதியாகக் கிடைத்தது. கிடைக்கவில்லை என்றால் அவர் படித்த பள்ளிக்கே போய்ப் படிப்புச் சான்று கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள், ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அண்ணனோ அக்காவோ இந்தச் சலுகையில் ஏற்கெனவே படித்திருந்தால் உங்களுக்குக் கிடையாது, மறைத்து வாங்கினால் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை படித்தவர்கள் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கினால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அது முதல் பட்டதாரி சலுகையைவிடப் பெரியது. கலைக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன் மேத்ஸ் குரூப் எடுத்தவர்கள் இதை ஒரு தடவை யோசித்துவிடுங்கள்.

4. விண்ணப்பம் போடுவது

அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டிஎன்ஜிஏஎஸ்ஏ (TNGASA) என்ற ஒரே இணையதளம். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித் திறப்பார்கள், இரண்டு மூன்று வாரம் திறந்திருக்கும். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை போடலாம்.

நம் பக்கத்தில் தருமபுரி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பெண்களுக்குக் காரிமங்கலம், கிருஷ்ணகிரியில் ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று, ஓசூர் என்று இருக்கின்றன. எல்லாமே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான், டிகிரி சர்டிபிகேட் ஒன்றுதான், அதனால் 'பெரிய காலேஜ்' என்று தருமபுரியை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். ஐந்து இடத்தையும் நிரப்புங்கள், வீட்டில் இருந்து காலையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து நிரப்புங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டியவை. பிரவுசிங் சென்டரில் போட்டால் இமெயிலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்க்காரர் வேகத்துக்காகத் தன் மெயிலைப் போட்டுவிடுவார், அப்புறம் ஒவ்வொரு தகவலுக்கும் அவர் கடை திறக்கும் வரை நிற்க வேண்டியதுதான். மெயில் இல்லையா, போனிலேயே புதிதாக ஒன்று ஆரம்பியுங்கள், ஐந்து நிமிஷம். பிரவுசிங் சென்டருக்கே போக வேண்டாம் என்றால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருப்பார்கள், அங்கே போய்ப் போடலாம். விண்ணப்பத்தில் கேட்கும் எமிஸ் நம்பரை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்) பள்ளியில் இருந்து முன்பே வாங்கி வையுங்கள், பின்னால் உதவித்தொகைக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத் தனி ரேங்க் போடுவார்கள். மற்றப் பாடங்களுக்கு மொழிப் பாடம் போக மீதி நான்கு பாடம், 400-க்கு. எனவே மொத்த மார்க் குறைவு என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளை தமிழில் 95 வாங்கியிருந்தால் தமிழ் இலக்கியத்தில் நல்ல ரேங்கில் இருப்பாள், அவளுக்கே அது தெரியாது.

அப்புறம் தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேட்கும். "இங்கிலீஷ் மீடியம்னாதான் மதிப்பு" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வார். டிஎன்பிஎஸ்சி போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பள்ளியில் இருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது, டிகிரியை மட்டும் ஆங்கில வழியில் படித்தால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் கணக்கில் வராமல் போய்விடும். என்னோடு படித்த இரண்டு பேர் இப்போது இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

5. கவுன்சிலிங் நாள்

பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பிக்கும். விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவு முதல் நாள், பொதுப் பிரிவு அடுத்து. ரேங்க் பட்டியலைக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் இணையத்திலும் போடுவார்கள். குறுஞ்செய்தி வரும் என்று நம்பி இருக்காதீர்கள், தினமும் நீங்களே பாருங்கள். ரேங்க் 1 முதல் 300 வரை என்று கூப்பிட்ட நாளில் போகவில்லை என்றால் அவ்வளவுதான், அடுத்த நாள் போய் நின்றால் கடைசியில் மிச்சம் இருப்பதுதான்.

காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கூட அப்பாவோ அம்மாவோ ஒருவர் வருவது நல்லது, கையெழுத்து வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பத்தின் பிரிண்ட், பத்தாவது, பதினொன்றாவது (அதில் பொதுத் தேர்வு எழுதியிருந்தால்), பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு. எல்லாவற்றுக்கும் ஒரிஜினலோடு ஐந்து செட் ஜெராக்ஸ். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்குத் தேர் இழுக்கும் கூட்டம் இருக்கும், ஊரிலேயே எடுத்துவிடுங்கள். ஒரிஜினல்களைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் போனில் ஒவ்வொன்றையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

கல்விக் கட்டணம் இல்லை என்று சொன்னேன், அதற்காக வெறும் கையோடு போகக் கூடாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, நூலகம், விளையாட்டு என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்து, பாடத்தைப் பொறுத்து இரண்டாயிரம் மூன்றாயிரம் ஆகும், லேப் இருக்கும் பாடத்துக்குக் கொஞ்சம் கூட. அன்றே கட்டச் சொல்வார்கள். 4,000 ரூபாய் கையில் இருக்கட்டும், போன் பே மட்டும் நம்பாதீர்கள், ஆயிரம் பேர் ஒரே இடத்தில் நின்றால் சிக்னலே இருக்காது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குக் கழுத்துச் செயினைக் கழற்றி அடகு வைக்கத் தருமபுரி டவுனுக்கு ஓடினாள், நாலு மணிக்குள் கட்டிவிட்டாள், ஆனாலும் அந்த ஓட்டம் தேவையே இல்லை.

ஷிப்ட் 1, ஷிப்ட் 2 என்று இரண்டு வேளையாக நடக்கும் துறைகள் சில கல்லூரிகளில் உண்டு. காலை ஷிப்டில் படித்துவிட்டு மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கவுன்சிலிங் மேசையிலேயே எந்த ஷிப்ட் என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி. அரசுக் கல்லூரி ரேங்க் வருவதற்குள் பயத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஐந்தாயிரம் கட்டி ஒரிஜினல் டி.சி.யைக் கொடுத்துவிடுவது. அப்புறம் இங்கே சீட் வந்தாலும் டி.சி.யை வாங்க முடியாமல் நிற்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது, அதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கவுன்சிலிங் தேதி அதுவரை காத்திருக்காது. எங்கேயும் முதலில் ஜெராக்ஸ்தான்.

6. மாதம் ஆயிரம் ரூபாய்

அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய், நேராக பேங்க் கணக்குக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் வீடுகளில் அது சின்னப் பணம் இல்லை.

இதற்குத் தனியாக எங்கும் ஓட வேண்டாம், கல்லூரியிலேயே ஒரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போட்டிருப்பார்கள், சேர்ந்த முதல் மாதத்திலேயே அவரைத் தேடிப் பிடித்து கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் யூமிஸ் தளத்தில் உங்கள் விவரம் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். பணம் வராதவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் பேங்க் கணக்குதான். ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று டிபிடி சீடிங் செய்வது வேறு. பேங்கில் போய் "ஆதார் லிங்க் ஆயிருக்கா சார்" என்று கேட்டால் ஆயிருக்கு என்றுதான் சொல்வார்கள். "டிபிடி சீடிங் இந்தக் கணக்குக்கு இருக்கா" என்று கேளுங்கள். ஸ்கூலில் படிக்கும்போது ஆரம்பித்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு வருஷக் கணக்கில் தொடாமல் முடங்கியிருக்கும், அதையும் உயிர்ப்பிக்க வேண்டும். பேங்கில் இழுத்தடித்தால் போஸ்ட்மேனிடம் சொல்லி தபால் துறைப் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு ஆரம்பிக்கலாம், கைரேகை வைத்தால் போதும், ஆதாரோடு சேர்த்தே முடித்துவிடுவார்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. அப்பா அம்மா பெங்களூரில் வேலை பார்க்கும்போது கூடவே போய் அங்கே ஆறாவது, ஏழாவது படித்துவிட்டு எட்டாவதுக்கு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் ஏராளம். என் சித்தி பெண் அப்படித்தான். ஆறில் இருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளி என்ற விதியில் அவள் அடிபட்டுப் போனாள், 7.5 சதவீதமும் கிடையாது, மாதம் ஆயிரமும் கிடையாது. இப்போது ஆறாவதில் இருக்கும் தம்பி தங்கைகளைப் பெங்களூர் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்லுங்கள், பாட்டி வீட்டில் விட்டுவிட்டாவது போகட்டும்.

மற்ற உதவித்தொகைகள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக்கோ பி.சி., எம்.பி.சி. உதவித்தொகையோ, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் வந்துவிட்டது, இனி தானாக வரும் என்று இருந்தேன். வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது. இரண்டாம் வருஷப் பணம் எனக்கு வரவே இல்லை.

7. பஸ், விடுதி

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ் உண்டு, கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் பஸ் காசு தனியாக எடுத்து வையுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் எப்படியும் டிக்கெட் இல்லை. ஆனால் நம் பக்கம் பல கிராமங்களுக்குக் காலை நேரத்தில் பிரைவேட் பஸ்தான் வரும், அதில் எந்தப் பாஸும் செல்லாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அரசு மாணவர் விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். இப்போது சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஊரில் கேட்கும்போது பழைய பெயரில் ஹாஸ்டல் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பி.சி., எம்.பி.சி. விடுதிக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், பெண்களுக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது. அட்மிஷன் ஆனவுடன், இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி கொடுக்கும் போனஃபைடு சான்றிதழ் வாங்கி அன்றே விண்ணப்பியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும்.

8. முதல் செமஸ்டரில் யாரும் சொல்லாதவை

பள்ளியில் எல்லாவற்றையும் டீச்சர் சொல்வார், ரிமைண்ட் பண்ணுவார், வீட்டுக்கு ஆள் அனுப்புவார். இங்கே எல்லாம் நோட்டீஸ் போர்டுதான். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியை அதில் ஒட்டுவார்கள், அடுத்து அபராதத்தோடு ஒரு தேதி, அதையும் விட்டால் அந்த செமஸ்டர் எழுத முடியாது. என் கிளாஸில் நன்றாகப் படிக்கும் ஒருத்தன் கட்டணம் கட்ட வேண்டும் என்பதே தெரியாமல் ஹால் டிக்கெட் வாங்க வந்து நின்றான். அவனுக்கு அரியர் என்ற வார்த்தை அறிமுகமானது அன்றைக்குத்தான், எழுதாத பரீட்சைக்கு அரியர்.

ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால் 25 இன்டர்னல், 75 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த 75-க்கு 30 எடுத்தே ஆக வேண்டும், மொத்தம் 40. இன்டர்னலில் முழு மார்க் வாங்கிவிட்டேன், தேர்வில் 20 எடுத்தால் போதுமே என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். அதே நேரம் இன்டர்னல் என்பது அசைன்மென்ட்டை நேரத்தில் கொடுப்பது, டெஸ்ட் எழுதுவது, வகுப்புக்கு வருவது, அவ்வளவுதான், கையில் கிடைக்கும் மார்க், அதை விடாதீர்கள்.

வருகை 75 சதவீதம் வேண்டும். குறைந்தால் காண்டொனேஷன் என்று பணம் கட்ட வேண்டும், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. தக்காளி சீசன், மா சீசன், அப்பாவோடு பெங்களூருக்கு ஒரு வாரம் வேலை என்று லீவு போடுகிறவர்கள் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது, அதில் காய்ச்சலும் சாவும் கல்யாணமும் அடக்கம். கட்டாயம் போக வேண்டிய சூழல் என்றால் துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், வந்து சொல்வதைவிடச் சொல்லிவிட்டுப் போவதற்கு மரியாதை அதிகம்.

ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் முதல் மாதம் ஒன்றும் புரியாது. கிளாஸில் எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தோன்றும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தலையாட்டிக்கொண்டே இருப்பான், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், மூன்றாம் மாதம் கேண்டீனில் கேட்டால் அவன் என்னைப் பார்த்துத்தான் தலையாட்டினானாம்.

9. இத்தனையும் தாண்டி சீட் கிடைக்கவில்லை என்றால்

முதல் சுற்று முடிந்ததும் காலி இடங்களுக்கு மறுபடியும் கூப்பிடுவார்கள், ஜூலை வரைகூடப் போகும், தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாலிடெக்னிக்கில், அதற்கு ஏற்ற குரூப்பில் பிளஸ் டூ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு அங்கிருந்து இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். எதிலும் சேராமல் நிற்பவர்களுக்காக 'உயர்வுக்குப் படி' என்று மாவட்டத்தில் முகாம் நடத்துகிறார்கள், கல்லூரிக்காரர்கள், பேங்க்காரர்கள், சான்றிதழ் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எப்போது என்று நீங்கள் படித்த பள்ளியில் கேளுங்கள், இல்லை என்றால் 14417-க்குப் போன் போடுங்கள், இலவசம்தான்.

போன் போடுவதற்கு முன் எமிஸ் நம்பரையும் பிளஸ் டூ ரிஜிஸ்டர் நம்பரையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.